நாற்பத்தொன்று, அறுபத்தொன்று, நூற்றொன்று

"அக்கா, பொனிபாஸ் அண்ணனுக்குக் கல்யாணம் ஆயிருக்கு. ஆனா ஒங்ககூட ஆகல" என்றான் வியான்னி.

பதிவகத்தில் வேலை பார்க்கிறவர்கள் பொதுவாகக் கல்லுளிமங்கர்கள். பிறப்பையும் இறப்பையும் ஒரே குரலில் படிப்பார்கள். வியான்னி அந்த ரகமில்லை. சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தான். மறுபடியும் கழற்றினான்.

அமலி அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பொனிபாஸின் உடலைக் கடலில் இறக்கிப் பதினொரு நாள்தான் ஆகியிருந்தது. மனைவி என்று நாற்பது நாளைக்குள் பதிவுசெய்து காட்டாவிட்டால் அவன் அறை ஊருக்குப் போய்விடும். அதற்காகத்தான் வந்திருந்தாள். வேறெதற்கும் அவளிடம் தெம்பில்லை.

"பதினாறு வருசம் அந்த மனுசனுக்குச் சோறு பொங்கிப் போட்டிருக்கேன். வேற யாருகூட ஆச்சாம்?"

"மூணு பேருகூட."

"மூணு பொண்டாட்டியா? ஒருத்தியக் கட்டி மேய்க்கவே அவருக்குத் திராணி கெடையாது."

வியான்னி சிரிக்கவில்லை. "அதுல ரெண்டு பேரு ஆம்பளைங்க. நாப்பத்தொண்ணு, அறுபத்தொண்ணு, நூத்தொண்ணு."

அமலி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அலைமேட்டில் பால்குடி மறக்காத பிள்ளைக்குக்கூட அந்த மூன்று எண்களும் தெரியும். அழுகிற பிள்ளையை அடக்க அந்த எண்களைத்தான் சொல்வார்கள்.

அலைமேட்டுக்குப் பழக்கமில்லாதவர்களுக்கு இந்த எண் விவகாரத்தைச் சொல்லியாக வேண்டும். கடல் ஏறிக் கரையைத் தின்ற பிறகு, நான்கு பெரிய மிதவைகளைச் சங்கிலியால் பிணைத்துக் கட்டிய ஊர் அது. வந்து சேர்ந்தவர்களிடம் அடையாளச் சீட்டும் இல்லை, ஆவணமும் இல்லை. பாதிப் பேரிடம் மாற்றுத்துணியே இல்லை. சவேரியான் மச்சாது என்கிற கணக்கு வாத்தியார் ஒரு வழி சொன்னார். ஆளுக்கொரு பகா எண். அதாவது, ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுபடாத எண். முதலில் வந்தவருக்கு இரண்டு, அடுத்தவருக்கு மூன்று, அதற்கடுத்து ஐந்து, ஏழு, பதினொன்று என்று வரிசையாகப் போயிற்று. எண்ணைத் தகர வில்லையில் பொறித்துக் கழுத்தில் கட்டிக்கொண்டார்கள். வாத்தியாருக்கு வந்தது நாற்பத்தொன்று.

பலர் சேர்ந்து ஒன்றைச் செய்தால் அவர்களுடைய எண்களைப் பெருக்கி வைத்துவிடுவார்கள். அதற்குப் பலன் என்று பெயர். கணவன் எண்ணையும் மனைவி எண்ணையும் பெருக்கினால் கல்யாணப் பலன். வீட்டில் இருக்கிறவர்களின் எண்களையெல்லாம் பெருக்கினால் கதவுப் பலன். உங்கள் வில்லையைக் கதவில் வைத்தால் அது தன் பலனை உங்கள் எண்ணால் வகுத்துப் பார்க்கும். மீதி வராவிட்டால் திறக்கும், வந்தால் நீங்கள் அந்நியர். ஆயிரம் பேர் கூடி ஒரு முடிவெடுத்தாலும் ஏட்டில் இருப்பது ஒற்றை எண்தான். யார் யார் கை வைத்தார்கள் என்பது அதற்குள் பத்திரமாக இருக்கும், வெளியே தெரியாது. பலனைப் பிரிப்பது ஊரில் பெரிய பாவம். சாவு, விசாரணை இரண்டுக்கு மட்டும் பதிவகத்துப் பொறி அதைப் பிரித்துப் பெயர்களைச் சொல்லும். பகா எண்களைப் பெருக்கி வந்ததை ஒரே ஒரு விதமாகத்தான் பிரிக்க முடியும், ஆகவே ஆள் மாறாது. "எண்ணுக்கு முகதாட்சண்யம் கிடையாது, பொய் சொல்லத் தெரியாது" என்பார் வாத்தியார். அது ஊர்ப் பழமொழியாகவே ஆகிவிட்டது.

அந்தப் பழமொழிதான் பதினெட்டு வருடத்துக்கு முன்னால் அவரையும் இன்னும் இரண்டு பேரையும் கரைக்கு அனுப்பியது.

கச்சான் காற்று பேயாட்டம் ஆடிய ஒரு மத்தியான வேளையில் மூன்றாம் மிதவை உடைந்து தண்ணீர் வாங்கியது. இணைப்புக் கதவை மூடிச் சங்கிலியைக் கழற்றாவிட்டால் அது மற்ற மூன்றையும் இழுத்துக்கொண்டு போயிருக்கும். யாரோ மூடினார்கள். வெளியேற முடியாமல் உள்ளே மிஞ்சிய நாற்பத்து மூன்று பேரும் போய்விட்டார்கள். ஒரு வாரம் கழித்து மன்றம் கூடியது. "மூடியது குற்றமில்லை. மூடியவர்கள் எழுந்து நின்று சொன்னால் ஊர் கைகூப்பும்" என்று அறிவித்தார்கள். ஒருவரும் எழவில்லை. பிறகு, மூடியபோது கதவில் பதிந்த பலனைப் பிரித்தார்கள். பொறி மூன்று பெயர்களைச் சொன்னது: நாற்பத்தொன்று, சவேரியான் மச்சாது, அறுபத்தொன்று, மைமூன், நூற்றொன்று, சுடலைக்கண்.

மூவரும் அங்கே போகவேயில்லை என்று சாதித்தார்கள். வாத்தியார் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாராம். மைமூன் முதல் மிதவையின் பொதுச் சமையல்கட்டில் இருந்தாளாம். கூடச் சமைத்த இரண்டு பெண்கள் அவளுக்காகச் சாட்சி சொன்னார்கள். எண்ணுக்கு எதிராக வாய் என்ன சாட்சி? மூடியதற்காக இல்லை, பொய் சொன்னதற்காக மூவரையும் ஊரைவிட்டு நீக்கிக் கரையில் கொண்டுபோய் விட்டார்கள்.

பொனிபாஸின் அம்மாவும் தங்கையும் மூன்றாம் மிதவையில் இருந்தார்கள். கல்லறைத் திருநாள் தவறாமல் அவன் அறுந்த சங்கிலியின் முனையில் மெழுகுவர்த்தி ஏற்றுவான். செபம் முடிந்ததும் அந்த மூன்று எண்களையும் சொல்லிக் கடலில் காறித் துப்புவான். பெயரைச் சொல்ல மாட்டான், நாக்கு கூசுமாம். அமலி பக்கத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பதினாறு வருடம் நின்றாள்.

இப்போது பதிவகத்தில் நிற்கும்போது அந்தக் குடைக்கம்பி கையில் அழுத்துவது போலவே இருந்தது அவளுக்கு.

"வியான்னி, அந்தக் கதவுப் பலனை நான் பாக்க முடியுமா? மூணாம் மிதவைக் கதவு."

"அதை எதுக்கு இப்ப?"

"ஏற்கெனவே பிரிச்சதுதானே. பாக்கக்கூடாதுன்னு சட்டம் இருக்கா?"

சட்டம் இல்லை. பதினெட்டு வருடத்தில் அப்படி யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான். பலன் எப்படியிருக்கும் என்று பார்க்கிற வழக்கமே ஊரில் கிடையாது. பெயர் தெரிந்த பிறகு எண்ணை யார் தேடுவார்கள்? வியான்னி கொஞ்ச நேரம் தேடிவிட்டுத் திரையை அவள் பக்கம் திருப்பினான்.

இரண்டு லட்சத்து ஐம்பத்திரண்டாயிரத்து அறுநூற்று ஒன்று. 252601.

அமலி கழுத்திலிருந்த வில்லையைக் கழற்றித் திரைக்குப் பக்கத்தில் வைத்தாள். அதிலும் அதே எண்தான். வியான்னி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். ஒரு தாளை எடுத்தான். நாற்பத்தொன்றை அறுபத்தொன்றால் பெருக்கினான், இரண்டாயிரத்து ஐந்நூற்று ஒன்று. அதை நூற்றொன்றால் பெருக்கினான். பெருக்கி முடித்ததும் பென்சிலைக் கீழே வைத்தான்.

"ஒங்க எண் பகா எண்ணே இல்லக்கா. அந்த மூணு எண்ணையும் பெருக்குனா வாரதுதான் ஒங்க எண்."

"வாத்தியாரு சோதிக்காமலா குடுத்தாரு?"

"சோதிச்சிருக்காரு. அதான் கொடுமை." அவன் ஏடுகளைத் தள்ளித் தள்ளிப் படித்தான். "மொதல்ல ரெண்டரை லட்சம் வரைக்கும் ஒரு அட்டவணை போட்டு வச்சிருந்தாரு. ஒவ்வொண்ணா வகுத்துப் பாத்துச் சேத்தது. அதுல ஒரு பிழை கெடையாது. நீங்க வந்த வாரம் அது தீந்துபோச்சு. எண்ணூறு பேரு படகுலயே நிக்கிறாங்க. எண் இல்லாம ஒரு கதவும் தெறக்காது, ஒரு சொட்டுத் தண்ணி கெடைக்காது. அதனால குறுக்குவழிச் சோதனையில எறங்கிட்டாரு."

அந்த வாரம் அமலிக்கு நினைவிருந்தது. பதினொரு வயது. படகில் அம்மா மடியில் படுத்துக்கொண்டு நாக்கு வறண்டு கிடந்தாள். தாடிக்காரர் ஒருவர் குனிந்து அவள் கழுத்தில் வில்லையைக் கட்டி, "இது உனக்கு மட்டும்தான், வேற யாருக்கும் கிடையாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"என்ன சோதனை அது?"

"ரெண்டை எடுத்துக்கிட்டு, ரெண்டு ரெண்டா ஒங்க எண்ணுக்கு ஒண்ணு கொறைவா அத்தனை தடவை பெருக்கணும். வந்ததை ஒங்க எண்ணால வகுத்தா மீதி ஒண்ணு வரணும். பகா எண்ணா இருந்தா கண்டிப்பா வரும். அப்புறம் மூணு, அஞ்சு, ஏழு வச்சும் பாத்திருக்காரு. நாலுலயும் ஒண்ணு. பெரிய பெரிய எண்ணுக்கெல்லாம் இதைத்தான் வச்சுப் பாப்பாங்க, நம்ம சின்ன எண்ணுக்கு என்ன ஆயிரப்போவுதுன்னு விட்டுட்டாரு. ஆனா ஒரு சில எண்ணு இருக்கு, அக்கா. பகா எண்ணா இருக்காது, சோதனையில மட்டும் பகா எண் மாதிரியே நடிக்கும். எதை வச்சுச் சோதிச்சாலும் ஒண்ணுதான் மீதி வரும், தன்னோட காரணியை வச்சே சோதிச்சாலொழிய." தாளில் எழுதிக் காட்டினான். "நாப்பத்தொண்ணுல ஒண்ணைக் கழிச்சா நாப்பது. மத்தது அறுபது, நூறு. ஒங்க எண்ணுல ஒண்ணைக் கழிச்சுப் பாருங்க. இந்த மூணாலயும் மிச்சமில்லாம வகுபடும். அதுதான் சோதனையோட கண்ணக் கட்டிருது."

"அப்புறம் திரும்பப் பாக்கலையா?"

"அடுத்த மாசம் உக்காந்து அட்டவணையப் பெருசாக்கிருக்காரு. ஆனா விட்ட எடத்துலருந்து இல்ல. அந்த எண்ணூறு பேரு முடிஞ்ச எடத்துலருந்து. எண்ணூறுல ஒண்ணே ஒண்ணு தப்பு. வரிசையா ரெண்டு, மூணு, அஞ்சுன்னு வகுத்துக்கிட்டுப் போயிருந்தா பதிமூணாவது தடவை சிக்கியிருக்கும். பதிமூணாவது எண் நாப்பத்தொண்ணு. அவரு கழுத்துல கெடந்த எண்ணு."

அமலி வில்லையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நீங்க எதுல எண் போட்டிருந்தாலும் பிரிச்சா அவங்க மூணு பேருதான் வருவாங்க. நீங்க வரவே மாட்டீங்க. ஒங்க வீட்டுக் கதவுகூட அவங்க வில்லைய வச்சாத் தெறந்திருக்கும்." சொல்லிக்கொண்டே வந்தவன் சட்டென்று நிறுத்தினான். திரையில் இருந்தது கல்யாணப் பலன் இல்லை, மூன்றாம் மிதவைக் கதவுப் பலன் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. "அக்கா... அப்ப அந்தக் கதவை..."

"நான்தான் மூடுனேன்."

முதல்முறையாக அதை வாய்விட்டுச் சொன்னாள். இருபது வயதில் அந்தக் கதவடியில் வேலை பழகிக்கொண்டிருந்தாள். வேலைப் பேரேட்டில் இன்னும் அவள் பெயர் ஏறவில்லை. கதவுக்காரர் கயிறு கட்ட உள்ளே போகும்போது, "மூணாவது படியத் தண்ணி தாண்டுனா மூடிரு புள்ள, யாரையும் கேக்காத" என்றார். தாண்டியது. வில்லையை வைத்தாள். பச்சை எரிந்தது. கதவு மூடிய பிறகு உள்ளேயிருந்து இரண்டு தட்டு கேட்டது. மூன்றாவது தட்டு கேட்குமுன் சங்கிலி கழன்றுவிட்டது. கதவுக்காரரும் உள்ளேதான் இருந்தார். ஆகவே அவள் அங்கே நின்றது ஒருவருக்கும் தெரியாது.

மன்றத்தில் எழுந்து சொல்லத்தான் போனாள். முழங்கால் ஒத்துழைக்கவில்லை. இதோ, இதோ என்று தன்னைத் தானே தள்ளிக்கொண்டிருந்தபோதே பொறி மூன்று பெயர்களைச் சொல்லிவிட்டது. அவள் பெயர் இல்லை. அந்த நிமிடத்தில் அவளுக்கு வந்தது துக்கமில்லை, ஆறுதல். தனக்கு முன்பே அந்த மூவரும் வேறு பக்கமிருந்து மூடியிருக்கிறார்கள், தன் கை வெறும் கைதான் என்று முடிவுகட்டிக்கொண்டாள். எண்தான் பொய் சொல்லாதே. நாளாக நாளாக அன்று அங்கே நின்றதே கனவோ என்று தோன்ற ஆரம்பித்தது. இரண்டு தட்டு மட்டும் கனவாக மறுத்தது.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். அவளுக்கு இரண்டுக்கும் நடுவில் ஒரு வீடு, ஒரு கணவன், கல்லறைத் திருநாளுக்கு ஒரு குடை எல்லாம் அமைந்துவிட்டது.

வியான்னி தாளை இரண்டாக மடித்தான்.

"எங்க பெரியண்ணன் அதுலதான் போனான்."

"தெரியும், தம்பி."

"எனக்கு அப்பப் பன்னெண்டு வயசு. ரெண்டாவது மிதவையில இருந்தேன். நீங்க மூடலைன்னா நானும் இருந்திருக்க மாட்டேன்." மூக்கை உறிஞ்சினான். "இதை அன்னைக்கே சொல்லிருக்கலாமே, அக்கா. ஊரே ஒங்களக் கும்பிட்டிருக்குமே."

அவள் வில்லையை எடுத்துக் கழுத்தில் கட்டிக்கொண்டாள்.

"இப்பச் சொன்னா, மூடுனதுக்கு யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. சும்மா இருந்ததுக்குத்தான்..." அவன் குரலைத் தாழ்த்தினான். "ஒண்ணு செய்யலாம். பொறிக் கோளாறுன்னு எழுதிட்டுப் புது எண் தாரேன். அறை ஒங்களுக்கு. பொனிபாஸ் அண்ணன் பொண்டாட்டின்னு பேரும் இருக்கும். கதவுப் பலனை நீங்களும் பாக்கல, நானும் காட்டல."

அந்த மனிதனின் மனைவி என்கிற பேர். அதை விட்டால் அவளுக்கு இனி என்ன இருக்கிறது? அமலி அதை உண்மையாகவே யோசித்தாள். யோசித்தாள் என்பதை மறைத்து அவளை நல்லவளாக்க இந்தக் கதைக்கு விருப்பமில்லை.

"அந்த மூணு பேருல யாராவது இருக்காங்களா?"

"மைமூன் மட்டும் இருக்கு. கரையிலதான்."

"நான் எழுதித் தந்தா மன்றத்துல வைப்பியா?"

"எழுதுங்க. ஆனா எண் போடணுமே. போட்டாப் பிரிப்பாங்க. பிரிச்சா, நாங்கதான் மூடுனோம்னு அந்த மூணு பேரும் ஒப்புக்கிட்டதாத்தான் வரும். வாயாலதான் சொல்லணும், அக்கா. பக்கத்துல அந்த அம்மாவும் நிக்கணும்."

கரைப் படகு வாரத்துக்கு ஒருமுறை. வெள்ளிக்கிழமை காலையில் போய் மூன்று மணிக்குத் திரும்பும். அந்த வெள்ளிக்கிழமை அமலியைத் தவிர ஒருவரும் போகவில்லை. படகின் வாசலில் வில்லையை வைத்தாள். அன்றைய பயணிகளின் பலனில் படகோட்டி எண்ணோடு அவள் எண்ணும் சேர்ந்தது. திரும்பும்போது அந்தப் பலனை வகுக்கிற எண்ணுக்குத்தான் வாசல் திறக்கும். தண்டனை பெற்றவர்கள் கள்ளத்தனமாக ஏறிவிடாமலிருக்க அந்த ஏற்பாடு.

கரை என்பது பெயருக்குத்தான். உப்பளங்கள் இருந்த இடத்தில் முழங்கால் தண்ணீர். சாய்ந்த விளக்குக் கம்பங்களில் நீர்க்காகங்கள் உட்கார்ந்திருந்தன. மேட்டில் ஒரு தகரக் கொட்டகை. அதற்குப் பின்னால் பலகைச் சிலுவை நட்ட ஒரு குழி. கொஞ்சம் தள்ளி, செங்கல் வைத்து அடையாளம் செய்த இடம் ஒன்று. வாசலில் ஒரு கிழவி முறத்தை மடியில் வைத்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கழுத்தில் வில்லை தொங்கியது.

"யாரு?"

"அமலி. அலைமேட்டுலருந்து வாரேன், மாமி."

"அங்கேருந்து இங்க யாரு வருவா? பதினெட்டு வருசத்துல என் மவன் ரெண்டு வாட்டி வந்தான். ரெண்டாவது வாட்டி, இனிமே வர மாட்டேன்னு சொல்லிட்டுப் போவத்தான் வந்தான். உக்காரு."

அமலி உட்காரவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். கதவு, படி, இரண்டு தட்டு, முழங்கால், குடை. தாளைக் கொடுத்தாள். மைமூன் அதைக் கண்ணுக்கு அருகில் பிடித்து வாய்க்குள்ளேயே பெருக்கிப் பார்த்தாள். ஒரு தடவை தப்பி, மறுபடி முதலிலிருந்து பெருக்கினாள். பிறகு தாளை முறத்தில் அரிசியின்மேல் வைத்தாள்.

திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்து அமலி நின்றாள். அப்படி ஏதாவது நடந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சவேரியான் அண்ணன் கடைசிக் காலத்துல என்ன சொன்னாக தெரியுமா?" என்றாள் மைமூன். "'மைமூனு, எண்ணு பொய் சொல்லாது. நான்தான் மூடிருப்பேன். தூக்கத்துல எந்திரிச்சுப் போயி மூடிட்டு வந்து படுத்திருப்பேன், நெனப்பில்ல'ன்னாக. நான் எம்புட்டோ சொன்னேன், கேக்கல. செத்த நாப்பத்து மூணு பேரு பேரையும் மனப்பாடம் பண்ணி, தெனமும் முட்டுப் போட்டு மன்னிப்புக் கேட்டாக. செய்யாத பாவத்துக்கு, மவளே. மூணு வருசம் ஆவுது அவுக போயி."

செய்தவள் செய்யவில்லை என்று நம்பினாள். செய்யாதவர் செய்தேன் என்று நம்பிச் செத்தார். இரண்டு பேரும் நம்பியது ஒரே எண்ணை.

"சுடலைக்கண்ணு மட்டும் விட்டுக் குடுக்கல. நாம அங்க இல்லை, எங்கேயோ கணக்கு பெசகிருக்கு, திரும்ப விசாரிக்கச் சொல்லுவோம்னு வருசா வருசம் வைகாசியில மனு எழுதுவான். தண்டனை வாங்குனவங்க தனித்தனியா மனுப் போடக்கூடாது, மூணு பேரும் சேந்து எண் போட்டாத்தான் செல்லும்னு சட்டமாம். போட்டோம். ஒம்பது மனு. ஒண்ணுக்காவது பதிலு வருமான்னு படகு வார நாளெல்லாம் அந்தத் துறையில போய் நிப்பான். வரல. அப்புறம் அவன் போயிட்டான். மூணு எண்ணுக்கு எங்க போறது? மனுவும் நின்னு போச்சு."

அமலி விரல்விட்டு எண்ணினாள்.

ஒன்பது. வைகாசி. அவளுக்குப் பதிவகத்திலிருந்து வருடத்துக்கொரு சீட்டு வந்துகொண்டிருந்தது. உங்கள் மனு கிடைத்தது, நேரில் வந்து எண் போட்டுத் திறக்கவும். அவள் எந்த மனுவும் போட்டதில்லை. கல்யாணத்துக்குப் பிறகு வந்த சீட்டுகளைப் பார்த்து, "பதிவகத்துக்காரன் பொழப்பப் பாரு" என்று பொனிபாஸ் சிரிப்பான். அவள் சிரிக்க மாட்டாள். மடியில் கனமிருந்தால் வழியில் பயம். யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள், தந்திரமாகக் கூப்பிடுகிறார்கள் என்று நடுங்கிச் சீட்டைக் கிழித்துக் கடலில் போடுவாள். தொண்ணூறு நாளில் திறக்காத மனுவை அழித்துவிடுவார்கள் என்பது ஊருக்கே தெரியும். ஒன்பது வருடம் வந்தது. நின்றபோது மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினாள்.

மனுவின் பலனைப் பதிவகம் பிரிக்காது. பிரிப்பது பாவம். அது யாருடைய எண் என்று மட்டும் பார்க்கும். நாற்பத்தொன்றையும் அறுபத்தொன்றையும் நூற்றொன்றையும் பெருக்கி வந்த எண்ணுக்கு ஊரில் ஒருத்தி இருந்தாள்.

"வந்துச்சு, மாமி."

"எது?"

"பதிலு. ஒம்பதுக்கும் வந்துச்சு. எனக்கு வந்துச்சு. நான் கிழிச்சுப் போட்டுட்டேன்."

மைமூன் நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகத்தில் அப்போதுதான் கோபம் வந்தது. வந்து, நின்று, தங்க இடமில்லாமல் போயிற்று. துறைப்பக்கம் திரும்பிக்கொண்டு கேட்டாள்.

"என்ன எழுதியிருந்துது அதுல?"

"நேரில் வரவும்னு."

"ஒம்பதுலயுமா?"

"ஒம்பதுலயும்."

மைமூன் முறத்தை இறக்கி வைத்தாள். முழங்காலில் கையூன்றி எழுந்து கொட்டகைக்குள் போனாள். தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தபோது அவள் கையில் கயிறு இற்றுப்போன இரண்டு தகர வில்லைகள் இருந்தன.

"படகு எத்தன மணிக்கு?"

"மூணுக்கு. ஆனா மாமி, ஒங்களுக்கு வாசல் தெறக்காதே. நான் போயி மன்றத்துல சொல்லி ஆளக் கூட்டிக்கிட்டு..."

"நேர்ல வரச் சொல்லிருக்காங்கள்லா" என்றாள் மைமூன். "வா."

அவள் அமலியின் கையைப் பிடிக்கவில்லை. அமலி நீட்டியபோதும் பிடிக்கவில்லை. தண்ணீரில் புடவையை முழங்கால்வரை தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். துறையில் படகோட்டி அவளைக் கண்டதும் தலையை ஆட்டிக்கொண்டு, "சும்மா மெனக்கெடாத ஆச்சி, அது தெறக்காது" என்றான்.

மைமூன் தன் வில்லையை வாசலில் வைத்தாள். பொறி அன்றைய பலனை அறுபத்தொன்றால் வகுத்தது. அன்றைய பலனில் அமலி இருந்தாள். மீதி வரவில்லை. பச்சை எரிந்தது.

படகோட்டி எழுந்து நின்றுவிட்டான்.

அவள் அவனைப் பார்க்கவில்லை. கையிலிருந்த வில்லைகளில் ஒன்றை வைத்தாள். நூற்றொன்று. பச்சை எரிந்தது. மற்றதைப் புடவையில் ஒருமுறை துடைத்துவிட்டு வைத்தாள். நாற்பத்தொன்று. அதற்கும் எரிந்தது.

"ஏறுங்கண்ணே" என்று பக்கத்தில் யாருமில்லாத இடத்தைப் பார்த்துச் சொன்னாள். கொஞ்சம் பொறுத்து, "நீயும் ஏறுல, சுடலை" என்றாள். பிறகு கம்பியைப் பிடித்துத் தானும் ஏறி, மூன்று பேர் உட்காருகிற பலகையில் ஓரமாக உட்கார்ந்தாள்.

அமலி தன் வில்லையை வைத்துவிட்டு, அந்தப் பலகையில் இடமிருந்தும் உட்காராமல், அலைமேடு வரும்வரை நின்றுகொண்டே போனாள்.